பதினெட்டு மீட்டர்

இரவு மணி பதினொன்று.
பார்லி வயலுக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில்
போக மனமில்லாமல் நிற்கிறது சூரியன்.
போர் விமானங்கள் ஒருகாலத்தில் எழும்பிய ஓடுபாதை.
இப்போது இரண்டு ஜாக்கிகள்மேல்
எங்கள் ஆரஞ்சு நிற ஓப்பல்,
அதன் வயிற்றுக்கடியில் நான்,
என்மேல் பின்லாந்தின் கொசுக்கள் அத்தனையும்.

நானூறு மீட்டர் பந்தயம் என்பார்கள்.
பந்தயம் முதல் பதினெட்டு மீட்டர்தான்.
மிச்சமெல்லாம் அதற்கு வட்டி.

இன்று ஐந்து முறை ஓட்டினாள் ராய்யா.
ஐந்து முறையும் ஒன்றரை நொடிக்குமேல்.
விளக்கு மாறியதும் பின்சக்கரங்கள்
நின்ற இடத்திலேயே சுழன்று
புகை கக்கி
எங்கள் காலை வாரின.
மடிக்கணினியில் இரண்டு கோடுகள்:
சக்கரம் சுற்றுவது ஒன்று,
கார் நகர்வது ஒன்று.
ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இருவர்போல.

"இன்னும் முறுக்கு" என்றார்
பக்கத்துக் கூடாரத்து ஆர்வோ.
மூன்று வருடமாகத் தன் காரை
அவர் அப்படித்தான் முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

வார நாட்களில் ராய்யா ஓட்டுவது
பால் டேங்கர் லாரி.
சாஸேஜைக் கடித்தபடி சொன்னாள்:
"வண்டியை எடுத்தால் பால் முதலில் பின்னால்தான் போகும்.
அதைப் போகவிடணும்.
மறித்தால் நம்மைத்தான் இடிக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள்.
அப்புறம் கடுகுச் சாந்து தீர்ந்துவிட்டதைப் பற்றிப் பேசினாள்.

நான் முன்பக்க ஷாக்கைத் தளர்த்தினேன்,
மூன்று சொடுக்கு. யோசித்து, இன்னும் ஒன்று.
மூக்கு நிமிரட்டும்,
பாரம் சரிந்து பின்னால் வந்து உட்காரட்டும்.
அச்சைப் பிடிக்கும் கம்பியை
ஒரு துளை கீழே இறக்கினேன்.
டயரில் காற்றைத் திறந்துவிட்டேன்,
முள் ஒரு மயிரிழை இறங்கும்வரை.
ஒரு குதிரைச் சக்திகூடக் கூட்டவில்லை.
இருந்த குதிரைகளுக்குத்
தரையைக் காட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம், இரண்டாம் சுற்று.
எதிர்த்தடத்தில் ஆர்வோ.

மஞ்சள்.
மஞ்சள்.
மூன்றாம் மஞ்சளில் அவள் விரல் பொத்தானை விட

புகையே இல்லை.
முன்சக்கரங்கள் இரண்டும் ஒரு சாண் எழுந்தன,
அடியில் வெயில் தெரிந்தது.
யாரோ பின்னாலிருந்து அள்ளி எறிந்ததுபோல்
போய்விட்டது கார்.
ஆர்வோவின் கார் பக்கத்துத் தடத்தில்
பாம்புபோல் நெளிந்து, புகைந்து, ஒருவழியாகக் கிளம்பியது.
நான் வேலியைத் தாண்டிக் கத்திக்கொண்டிருந்தேன்.
கத்தி முடித்த பிறகுதான் பார்த்தேன்,
எங்கள் பக்கம் சிவப்பு.

நேரச்சீட்டில் பதினெட்டு மீட்டருக்கு
ஒன்று புள்ளி மூன்று ஒன்பது.
எங்கள் வாழ்நாளின் சிறந்த எண்.
அதற்கு மேலே, பச்சைக்கு முந்திய நேரம்:
ஒரு நொடியை ஆயிரமாய் நறுக்கி
அதில் நான்கு துண்டு.

அவள் விரலில் பிழையில்லை.
அது எப்போதும் விடும் கணத்தில்தான் விட்டது.
இத்தனை காலம்
காரின் சோம்பலையும் சேர்த்தே
எண்ணிப் பழகியிருந்த விரல்.
சோம்பலை நான் நேற்றிரவு
கழற்றி வைத்துவிட்டேன்.
அவளிடம் சொல்ல மறந்தேன்,
பொத்தானுக்கும் பிரேக்குக்கும் நடுவே இருக்கும்
தாமதப் பெட்டியிடமும்.

ஜெயித்த ஆர்வோ வந்து என் தோளைத் தட்டினார்.
"முறுக்கினேன், பார்த்தாயா?"
நான் பார்த்தேன் என்றேன்.

ராய்யா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கண்ணாடியை மட்டும் உயர்த்தி,
"எவ்வளவு?"
"நான்கு."
"நூறிலா?"
"ஆயிரத்தில்."
உள்ளே ஏதோ சத்தம்.
அழுகை என்று நினைத்துக் குனிந்தேன்.
சிரித்துக்கொண்டிருந்தாள்,
ஹெல்மெட்டுக்குள் மூச்சுப் பனித்து
கண்கள் தெரியாதபடி.

சீட்டை அவள் மடிக்கவில்லை.
நாளை விடிகாலை பால் ஏற்றப் போகையில்
லாரியின் வெயில் தடுப்பில் அது செருகியிருக்கும்.

நான் திருகாணியுடன் மறுபடி காருக்குள் நுழைகிறேன்.
இத்தனை வேகமாகிவிட்ட வண்டிக்கு
இனி எவ்வளவு தாமதம் வைப்பது?
எட்டு என்று வைக்கிறேன்.
இல்லை, ஒன்பது.
கொசு கடிக்கிறது.
எட்டு.